ஆறாம் இலக்கச் சொல்

நெடுங்கேணிச் சந்தியிலிருந்து ஒலுமடுப் பக்கம் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டில் சென்ற வருடம் மாசி மாதத்தில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. இரண்டாம் நாள் இரவு பேசியவர் ஓர் இளைஞர். வேதபுத்தகத்தை மேசையில் மூடி வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தார். "இதுக்கு எபிரேயத்தில என்ன சொல்லெண்டு தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு ஓர் இலக்கம் சொன்னார். ஆறு. ஸ்ட்ராங் அகராதியில் ஆறாவதாக நிற்கும் சொல் 'ஆபாத்'. எங்களுடைய 'ஆபத்து' அதிலிருந்து வந்ததுதான் என்று ஒரு துணுக்கும் சேர்த்துக்கொண்டார். (ஆபத்து வடமொழி. எபிரேயத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) ஆபாத் என்றால் அழிதல். ஆகவே தீயவர்கள் நரகத்தில் என்றென்றைக்கும் வேகப்போவதில்லை. அழிந்து இல்லாமலே போய்விடுவார்கள். சனம் ஆமென் என்றது.

மூன்றாம் நாள் பேசியவர் வயதில் மூத்தவர். அவரிடமும் போன் இருந்தது. அவரும் அதே ஆறாம் இலக்கத்தைத்தான் எடுத்தார். ஆபாத் என்றால் இல்லாமற்போவது என்று யார் சொன்னது? கெட்டுச் சீரழிதல் என்றல்லவா அகராதி சொல்கிறது? ஆகவே தீயவர்கள் சீரழிந்தபடியே என்றென்றைக்கும் இருப்பார்கள். அதற்கும் ஆமென்.

நான் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இப்படி ஒரு கூட்டம் நடந்தது என்று நண்பர் ஒருவரிடம் சிரித்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் இறையியல் படித்தவர். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக நரகத்தைக் காட்டிப் பயப்படுத்தப்பட்ட சனம். இன்றைக்குத்தான் மூலமொழி அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. அரைகுறையாக வந்தாலும் வரட்டும், அதைப் பழிக்க நீ யார் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் பதில் நியாயமாக இருக்குமோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்தவன் நான். எபிரேயம் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். இது தமிழ் வாத்தியார் ஒருவரின் முறைப்பாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். எபிரேய வேதத்தில் 65 இடங்களில் வரும் 'ஷெயோல்' நரகமல்ல. நல்லவனும் கெட்டவனும் ஒருசேர இறங்கும் இருண்ட இடம் அது. பழைய தமிழ் வேதாகமத்தைப் பிடித்தால் அது தெரியாது: 16ஆம் சங்கீதத்தில் அதே சொல் 'பாதாளம்', 9ஆம் சங்கீதத்தில் 'நரகம்'. ஆபாத்தின் வயிற்றில் பிறந்த 'அபத்தோன்' என்ற சொல்லுக்கு நீதிமொழிகள் 15இல் 'அழிவு' என்று போட்டவர்கள், யோபு 26இல் 'நரகம்' என்று போட்டார்கள். இலக்கம் பார்த்துப் படிக்கிறவனுக்கு இந்தக் குளறுபடி ஒரு நொடியில் பிடிபடும்; என்னைப்போல் தமிழை மட்டும் வாசித்தவனுக்கு நாற்பது வயதுவரை பிடிபடவில்லை. 'ஓலாம்' என்ற சொல் 'என்றென்றைக்கும்' என்று வந்தாலும், யாத்திராகமத்து அடிமை ஓலாமுக்கும் வேலை செய்வது அவன் ஆயுள்வரைதான். யோனா ஓலாமுக்கும் அடைபட்டுக் கிடந்ததாகச் சொல்வது மூன்றே நாள். இதெல்லாம் மெய். 1982இல் எட்வர்ட் ஃபட்ஜ் தீயோரின் முடிவு அழிவே என்று தடித்த புத்தகம் எழுதியபோதும், 1988இல் ஜோன் ஸ்டொட் தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் சாய்ந்தபோதும், அதற்கு நெடுங்காலம் முன்னரே அட்வென்டிஸ்டுகளும் யெகோவாவின் சாட்சிகளும் அதையே வீடுவீடாகச் சொல்லித் திரிந்தபோதும், சொற்களைத் தேடிப் பார்த்த உழைப்பு அதற்குள் இருந்தது.

இன்னொன்று. நரகம், பாதாளம் என்ற சொற்களே எங்களிடம் காலியாக வரவில்லை. பாதாளம் ஏழு கீழுலகங்களில் அடியில் இருப்பது. நாகர் வாழும் இடம். நரகத்துக்கு எங்கள் ஊரில் வாசலும் உண்டு, வெளியேறும் வழியும் உண்டு. வினை தீருமட்டும் கிடந்து, பிறகு பிறக்கவேண்டியதுதான். சித்திராப் பருவத்தில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி குடித்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பிறகு ஜெபவீட்டுக்குப் போய் 'நரகம்' என்று கேட்டால், அதன் காதில் விழுவது போதகர் நினைக்கிற நரகமாக இருக்க ஞாயமில்லை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? 1850இல் அச்சான அந்தப் பெயர்ப்பு நிலைக்கவில்லை. 1871இல் பவர் குழுவினர் முடித்ததுதான் பெரும்பாலும் இன்றும் கையில் இருக்கிறது. சொல்லைத் தோண்டவேண்டிய தேவை இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

தோண்டுகிற விதத்தில்தான் மறுப்பு. பல வருடத்து மறுப்பு.

ஆறாம் இலக்கத்தையே எடுப்போம். எபிரேய வேதத்தில் 180 தடவைக்கு மேல் வருகிறது அந்தச் சொல். சவுலின் தகப்பன் கீசுக்குக் கழுதைகள் தவறிப்போகின்றன. அவற்றைத் தேடித்தான் சவுல் ஊர் ஊராக அலைகிறான். கழுதைகளுக்கு நேர்ந்தது ஆபாத். பழைய தமிழ் வேதாகமம் அங்கே 'காணாமற்போயிற்று' என்று போடுகிறது. 119ஆம் சங்கீதத்தின் கடைசியில் மந்தையை விட்டு விலகிய ஆடும் ஆபாத். அதுவும் தமிழில் 'காணாமற்போன' ஆடுதான். ஒரே இரவில் வாடிய யோனாவின் செடியும் ஆபாத். ராசாவிடம் அழைப்பில்லாமல் போகத் துணிந்த எஸ்தர், உயிர் போனால் போகட்டும் என்று முடிவெடுக்கும்போது அவள் வாயில் வருவதும் ஆபாத். கேட்பாரில்லாமல் மடிந்துபோகும் நீதிமானைப் பற்றி ஏசாயா 57இல் சொல்லப்படுவதும் அதே ஆபாத். கழுதை, ஆடு, செடி, வீரப்பெண், நீதிமான். இந்த ஐந்தில் எதை வைத்துத் தீயோனின் மறுமையை அளப்பது? இல்லாமற்போவது என்று இளைஞர் சொன்னால் கீசின் கழுதை கேட்கும்: நான் இல்லாமலா போனேன், காட்டில் மேய்ந்துகொண்டல்லவா நின்றேன்? என்றென்றும் வேதனை என்று மூத்தவர் சொன்னால் எஸ்தர் கேட்பாள்.

ஒரு சொல்லுக்கு இருக்கிற பொருள் முழுவதையும் அள்ளி ஒரு வசனத்துக்குள் கொட்டுவது எத்தனை பெரிய பிழை என்று 1961இலேயே ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பார் ஒரு புத்தகம் முழுக்க எழுதிவிட்டார். அவரிடம் போகத் தேவையில்லை. எங்கள் வயல்வரை போனால் போதும்.

போன காலபோகத்தில் பக்கத்து வளவுக்காரரின் மூன்று ஏக்கரில் யானை இறங்கியது. நெல் குடலைப் பருவம். விடியப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு காலடியும் ஒரு சட்டி அளவு. அதில் தண்ணீர் ஊறி, தண்ணீருக்குள் வளைந்த தாள்கள் வேரோடு கிடந்தன. துதிக்கையால் முறுக்கிப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டுத் தின்றிருக்கிறது. வரப்பில் நின்றவர் சொன்னது ஒரே சொல்: "அழிஞ்சுது." அலுவலர் வந்து படிவத்தில் எழுதியதும் அதுதான்: அழிவு, மூன்று ஏக்கர். இந்த வருடம் அதே மூன்று ஏக்கரில் அவர் விதைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டால் அழிறப்பர் என்று ஒன்றை எடுத்துக் காட்டும். அது அழித்தால் எழுத்தே இராது. கலியாணவீடு செய்தவரிடம் கேட்டால் "காசு கனக்க அழிஞ்சிட்டுது" என்பார். காசு எங்கும் போகவில்லை, நகைக்கடைக்காரனிடம் பத்திரமாக இருக்கிறது. 'அழி' என்பதற்கு ஓர் இலக்கம் கொடுத்து, அதை ஜெருசலேமில் யாராவது போனில் தட்டிப் பார்த்து, நெடுங்கேணியில் மூன்று ஏக்கர் நிலம் இல்லாமற்போய்விட்டது என்று பிரசங்கம் பண்ணினால் நாங்கள் என்ன சொல்வோம்? 'பாவம்' என்ற சொல்லும் இப்படித்தான். பஸ்சில் தாய்மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்து "பாவம்" என்கிறோம். குழந்தை குற்றவாளி என்றா?

'காராத்' என்ற சொல்லைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அறுப்புண்டுபோவது, மோசேயின் சட்டத்தில் 36 குற்றங்களுக்கு அந்தத் தண்டனை என்று மிஷ்னா கணக்கெடுக்கிறது, அது அகால மரணமா, சந்ததி அற்றுப்போவதா, மறுமையில் பங்கில்லாமையா என்று யூத ஆசிரியர்களே நூற்றாண்டுகளாக வாதாடினார்கள். அதே சொல்தான் உடன்படிக்கை செய்வதற்கும். எபிரேயத்தில் உடன்படிக்கை 'வெட்டப்படுகிறது'. தானியேல் 9இல் அபிஷேகம்பண்ணப்பட்டவரும் காராத். அறுப்புண்டவன் இல்லாமற்போவான் என்று சட்டம் பேசுகிற போதகர் இந்த இடத்துக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இனி நான் தமிழ் வாத்தியாராக வருகிறேன். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படிப்பிப்போம். அழிந்தான் தன்வினை. அழித்தான் பிறவினை. அடி ஒன்றுதான், நடுவில் நிற்கும் ஒரு மெய் மாறினால் குற்றம் செய்தவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுவான். எபிரேயத்திலும் அதுதான் வழக்கம். ஆபாத் என்று நின்றால் தொலைந்தான், அழிந்தான். நடு எழுத்து இரட்டித்து 'இப்பேத்' என்று வந்தால் தொலைத்தான், அழித்தான். எரேமியா 23இல் மந்தையைச் சிதறடிக்கும் மேய்ப்பர்மேல் வரும் குற்றச்சாட்டு இந்த வடிவத்தில்தான் வருகிறது: ஆடுகள் காணாமற்போகவில்லை, மேய்ப்பர்கள் அவற்றைக் காணாமல் ஆக்கினார்கள். யூதரை ஒரே நாளில் அழிக்கும்படி ஆமான் அனுப்பிய ஓலையிலும் இதே வடிவம்.

ஸ்ட்ராங் அகராதியில் இரண்டுக்கும் ஒரே இலக்கம். ஆறு.

1890இல் அதைத் தொகுத்த ஜேம்ஸ் ஸ்ட்ராங் பேரில் குற்றமில்லை. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு அட்டவணை செய்தார், இலக்கம் அதற்குத்தான். லிகிதர் கோப்புக்கு இலக்கம் போடுவதுபோல. கோப்பின் இலக்கத்தைப் பார்த்து வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னது பின்னால் வந்தவர்கள்.

இந்த வித்தியாசம் இலக்கணப் புத்தகத்தோடு போகிற விசயமானால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால், பிள்ளைகளைத் தேடும் தாய்மார் குந்தினார்கள். பிறகு வவுனியாவில், முல்லைத்தீவில். பத்திரிகைகள் முதலில் 'காணாமற்போனோரின் உறவினர்' என்று எழுதின. அவர்கள் அதை ஏற்கவில்லை. எங்கட பிள்ளையள் வழிதவறிப் போகேல்லை, நாங்கள் கையில பிடிச்சுக் குடுத்தனாங்கள் என்றார்கள். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத கிழவிகூட அந்த 'ஆக்கப்பட்டோர்' என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மெய்யெழுத்துக்காக வருடக்கணக்காக வெயிலில் இருந்த சனத்தின் முன்னால் நின்று, இரண்டுக்கும் ஒரே இலக்கம் என்று போனைத் தூக்கிக் காட்டுவதை நான் கல்வி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

'பாகாத்' என்ற சொல்லுக்கு வருகிறேன், 6485. தண்டித்தல் என்று போதகர்கள் போடுவார்கள். பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் கடவுள் பாகாத் செய்கிறார் என்று பத்துக் கட்டளைகளில் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர் அதற்குப் போட்ட தமிழை நினைத்து நான் வியக்காத நாளில்லை: 'விசாரி'. செத்தவீட்டுக்குப் போய் விசாரிக்கிறோம். ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரிக்கிறோம். விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. நாலாம் மாடிக்கும் பூசாவுக்கும் போனவர்கள் விசாரிக்கத்தான் பட்டார்கள். எபிரேயச் சொல்லிலும் இந்த இரண்டு முகமும் இருக்கிறது. பிள்ளையில்லாத சாராளைக் கடவுள் பாகாத் செய்தார். தமிழில் அங்கே 'கடாட்சம்'. எண்ணாகமத்தில் ஆட்களைத் தொகையெடுப்பதும் பாகாத். தொகையெடுக்கும்போது ஒருவனைக் காணவில்லை என்றால் அதற்கும் அதே சொல்தான்: சவுலின் விருந்தில் தாவீதின் இருக்கை வெறுமையாகக் கிடந்ததை அந்தச் சொல்தான் சொல்கிறது. கடாட்சம், கணக்கெடுப்பு, தண்டனை, வெறுமையான இருக்கை. செட்டிகுளத்து முகாம்களில் 2009இல் ஆட்கணக்கு எடுத்தபோது வரிசையில் நின்றவர்களுக்கு இந்த நாலும் எப்படி ஒரே சொல்லில் அடங்கும் என்று எந்த அகராதியும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அதே முகாம்களுக்குள்ளும் பிறகு மீள்குடியேறிய ஊர்களுக்குள்ளும் சிலர் வந்து சொன்னார்கள்: நடந்தது தண்டனை. விக்கிரக வணக்கத்துக்கு, இந்த மண்ணின் பாவத்துக்கு, பிதாக்களின் அக்கிரமத்துக்கு. எபிரேயத்தில் 'ஆவோன்' என்ற ஒரே சொல் அக்கிரமத்துக்கும் அதன் தண்டனைக்கும் நிற்கிறது, பாருங்கள் என்று அதற்கும் இலக்கம் காட்டினார்கள். ஆம், நிற்கிறது, காயீன் கடவுளிடம் முறையிடும் இடத்தில் அவன் சொல்வது குற்றமா தண்டனையா என்று பழைய பெயர்ப்பாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. தமிழில் 'வினை' நிற்கிறதே, அதுபோல. அடிபட்டவனுக்கு வினை இருந்திருக்கும் என்று சொல்ல எங்கள் ஊரிலும் ஆள் உண்டு. அதற்கு எபிரேயம் படித்து வரவேண்டுமா?

மாசி மாதத்து இளைஞர் இப்படிச் சொல்லவில்லை. அவர் நரகத்தின் நெருப்பை அணைக்கத்தான் வந்தார்; அவரையும் இவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றுவது சரியில்லை என்று நண்பர் சொல்வார். சரிதான். ஆனால் ஏற்றத்தான் போகிறேன், ஏனென்றால் இரண்டு பேரும் ஏறியது ஒரே படியால். சொல்லை எடுத்தார்கள்; அதைச் சொன்ன வாயை விட்டுவிட்டார்கள்.

யோபுவின் புத்தகத்தை எடுங்கள். பிள்ளைகள் வீடு இடிந்து செத்து, மாடு கன்று போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் இருக்கிறான் மனிதன். துக்கம் விசாரிக்க மூன்று பேர் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் இருக்கிறார்கள். அதுவரை நல்ல மனிதர்கள். பிறகு எலிப்பாஸ் வாயைத் திறக்கிறான். குற்றமற்ற எவனாவது அழிந்தது உண்டா என்று கேட்கிறான். நாலாம் அதிகாரம், ஏழாம் வசனம். அங்கே நிற்கும் சொல் ஆபாத். இலக்கம் ஆறு. அழிவு தீயவனுக்கே உரியது என்ற கொள்கை எபிரேய வேதத்தில் இவ்வளவு துப்புரவாகச் சொல்லப்பட்ட இடம் இன்னொன்று இருக்குமோ தெரியாது. சொன்னவன் எலிப்பாஸ். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கடவுள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீயும் உன் சிநேகிதர் இருவரும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். ஏசாயாவோ நீதிமான் ஆபாத் ஆகிறான், ஒருவரும் கவனிக்கவில்லை என்கிறார். எலிப்பாஸ் சொன்ன ஆறும் ஏசாயா சொன்ன ஆறும் போன் திரையில் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். தட்டிப் பார்க்கிறவனுக்குக் கடவுள் கண்டித்த பேச்சு எது, ஏற்ற பேச்சு எது என்று அது சொல்லாது. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களைப் பற்றித் தண்டனை என்று பேசியவர்கள் வேதத்திலிருந்துதான் பேசினார்கள், எலிப்பாசின் வரியிலிருந்து.

நண்பர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ளவேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். மத்தேயு 10இல் ஆத்துமாவையும் சரீரத்தையும் அழிக்க வல்லவர் என்று வரும் இடத்தில் காணாமற்போதல் என்றா பொருள் கொள்வாய் என்று கேட்பார். கொள்ளமாட்டேன். அங்கே கிரேக்கத்தில் நிற்கும் 'அப்பொல்லுமி', ஆபாத்துக்குப் பழைய கிரேக்கப் பெயர்ப்பு மெத்தவும் போட்ட சொல். அந்த இடத்தில் அழித்தல்தான். லூக்கா 15இல் அதே அப்பொல்லுமி காணாமற்போன ஆட்டுக்கும் காசுக்கும் இளைய மகனுக்கும் வருகிறது. அந்த இடத்தில் தொலைதல்தான். தீர்ப்பது இடமென்றால் இடத்தை வாசியுங்கள். முழு அதிகாரத்தையும் சனத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். எபிரேயச் சொல்லை நடுவில் நிறுத்தி, அது ஏதோ தேவதூதன் மாதிரி விடை கொண்டுவரும் என்று பாவனை பண்ணுவது எதற்கு? கேட்கிற சனம் திரும்பக் கேட்கமுடியாத ஒரு மொழியில் ஒரு சொல் சொன்னால் வாதம் முடிந்துவிடும் என்பதற்குத்தான். மூலமொழி சனத்தின் கைக்கு வந்ததாம். வந்தது போதகரின் கைக்கு.

நரகத்துக்கு நிற்கும் 'கெஹென்னா' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லப்படுவதும் இப்படி ஒன்று. எருசலேமின் குப்பை மேடு, எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று நெடுங்கேணி வரைக்கும் வந்துவிட்ட கதை. அதற்குப் பழைய சான்று கிடையாது, கி.பி. 1200 அளவில் தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியர் எழுதியதில்தான் அது தெரியவருகிறது. எரேமியா 7ஐ வாசித்தால் வேறொன்று கிடைக்கும்: பிள்ளைகளை நெருப்பில் போட்ட பள்ளத்தாக்கு, புதைக்க இடமில்லாமல் சடலங்கள் கிடக்கப்போகும் பள்ளத்தாக்கு. குப்பைக் கதை சொல்வதற்கு இலேசு. இதை வாசித்துக் காட்டினால் எங்கள் சனத்தில் பாதிப்பேர் எழும்பிப் போய்விடும், அல்லது முதல்முறையாக உண்மையில் கேட்கத் தொடங்கும்.

ஷெயோல் என்ற சொல் வேதத்தில் முதன்முதல் வருவது ஒரு தகப்பனின் வாயில். ஆதியாகமம் 37. மகனின் உடுப்பை இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, இது உன் பிள்ளையினதா பார் என்று கேட்கிறார்கள். யாக்கோபு அடையாளம் காண்கிறான். என் மகனிடத்தில் ஷெயோலுக்கே இறங்கிப்போவேன், ஆறுதல் வேண்டாம் என்கிறான். இந்த வசனத்தை வைத்து ஷெயோல் நரகமல்ல, பார், தகப்பனே போக விரும்புகிறான் என்பார் இளைஞர். சரி. ஆத்துமா அங்கே உயிரோடு இருக்கிறது, பார், மகனைச் சந்திக்க நினைக்கிறான் என்பார் மூத்தவர். அதுவும் இருக்கட்டும். இரண்டு பேரும் காணாதது ஒன்று: இரத்தம் ஆட்டுக்கடாவினது. யோசேப்பு எகிப்தில் உயிரோடு இருக்கிறான். அந்த ஷெயோல், பொய் சொல்லப்பட்ட ஒரு மனிதனின் வாயிலிருந்து வருகிறது.

ஐந்து அதிகாரம் தள்ளி அவனே இன்னொரு சொல் சொல்கிறான். 'ஏனென்னு'. இல்லை, அவன் இல்லை. யோசேப்பையும் அப்படித்தான் சொல்கிறான், சிமியோனையும் அப்படித்தான் சொல்கிறான். யோசேப்பு செத்துவிட்டதாக அவன் நம்புகிறவன். சிமியோன் எகிப்தில் தடுப்புக்காவலில் இருக்கிறான். சகோதரரின் கண் முன்னால் கட்டி இழுத்துச் சென்றார்கள். தகப்பனுக்கு இரண்டும் ஒன்று: வீட்டில் இல்லை. எரேமியா 31இல் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடைய மறுப்பதும் இதே 'இல்லை'க்காகத்தான். கடவுள் எடுத்துக்கொண்ட ஏனோக்குக்கும் இதே சொல்; அங்கே தமிழ்ப் பெயர்ப்பாளர் 'காணப்படாமற்போனான்' என்று போட்டார். எடுத்துக்கொள்ளப்பட்டவன், விற்கப்பட்டவன், அடைக்கப்பட்டவன், செத்தவன், எல்லாருக்கும் ஒரு 'இல்லை'. எங்கள் அரசாங்கம் 2010இல் மரணச் சான்றிதழ் எடுப்பதை இலேசாக்கிச் சட்டம் போட்டது. அது வேண்டாமென்று சனம் நின்றதால் 2016இல் காணவில்லை என்பதற்கும் ஒரு சான்றிதழ் போட்டது. யாக்கோபு எதை எடுத்திருப்பான்?

கூட்டம் முடிந்த அன்று இரவு வெளியில் செருப்புத் தேடும்போது பக்கத்து வாங்கிலில் இருந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். 2009 சித்திரையில் மாத்தளன் பக்கம் மகனை விட்டவர். "மாஸ்ரர், அந்தத் தம்பி சொன்ன சொல் என்ன? அழிஞ்சு போறதெண்டு சொன்னாரே. அது எங்கட பிள்ளையளுக்குமோ?"

எனக்கு அவரிடம் பார், ஸ்ட்ராங் என்று சொல்ல வாய் வரவில்லை. அது கழுதைக்கும் சொல்லுற சொல், அம்மா என்றேன். கீசின் கதையைச் சொன்னேன். கழுதையள் துலைஞ்சதும், மகன் மலைநாடெல்லாம் தேடித் திரிஞ்சதும், கடைசியில் ராகேலின் கல்லறைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வந்து, கழுதையள் கிடைச்சிட்டுது, உன்ரை தகப்பன் இப்ப கழுதையை விட்டிட்டு உன்னைக் காணேல்லையெண்டு தவிக்கிறார் என்று சொன்னதும்.

அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு நின்றார்.

"தேடிப்போன பெடியன் கண்டுபிடிக்கேல்லையோ?"

"இல்லை. அவன் காணேல்லை."

"அப்ப ஆர் கண்டது?"

"எழுதேல்லை, அம்மா."